தென்னந்தோப்பில் 200 பார்: பெயின்ட்பால் காற்று டேங்க் வாங்கிப் பராமரித்த அனுபவம்

பட்டுக்கோட்டை பக்கம் மச்சானுக்கு ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அதில் பாதி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. காலியான இடத்தில் புதுக் கன்று வைத்தது போக மிச்சமிருந்த திடலில் பெயின்ட்பால் விளையாட்டு நடத்துகிறார். பெயின்ட் அடைத்த உருண்டைகளை வாயு அழுத்தத்தில் சுடும் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் அடிக்கும் ஆட்டம் அது. தஞ்சாவூர், மன்னார்குடி காலேஜ் பையன்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். மரத்துண்டும் பழைய டயரும்தான் மறைவிடம். மார்க்கர் (அந்தத் துப்பாக்கிக்கு இதுதான் பெயர்), முகக்கவசம், பெயின்ட் உருண்டை எல்லாம் அவர் பொறுப்பு. காற்று சம்பந்தப்பட்டது மட்டும் என் பொறுப்பு. நான் பம்புசெட், ஏர் கம்ப்ரஸர் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் அது தானாக என் தலையில் வந்து விழுந்தது.

ஆரம்பத்தில் அவரிடம் இருந்ததெல்லாம் சிஓ2, அதாவது கரியமில வாயு சிலிண்டர்கள். சோடா கம்பெனிக்கும் வெல்டிங் பட்டறைக்கும் அந்த வாயு வருகிறதல்லவா, அதனால் கிடைப்பது சுலபம், மலிவும்கூட. குளிர்நாட்டில் பிரச்சினை குறைவாக இருக்கலாம். நம் ஊரில் நிலவரம் வேறு. சிஓ2 டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. அதன் மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் உருண்டையைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும்: 25 டிகிரியில் 64 பார், 30 டிகிரியில் 72 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம், ஆவி என்ற பிரிவே இருக்காது. அதற்குமேல் எவ்வளவு நிரப்பியிருக்கிறோமோ அதைப் பொறுத்து அழுத்தம் எகிறும். தஞ்சாவூர் ஜில்லாவில் வைகாசி வெயில் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதாவது வருஷத்தில் பாதி நாள் மதியப்பொழுதில் நம் சிஓ2 டேங்க் அந்த எல்லையைத் தாண்டித்தான் உட்கார்ந்திருக்கிறது.

உருண்டையின் வேகத்தை அளக்கும் வேகமானியில் இது நன்றாகவே தெரிந்தது. எங்கள் திடலில் வினாடிக்கு 280 அடிதான் உச்சவரம்பு. பல திடல்களில் 300 வரை விடுவார்கள், அதற்குமேல் யாரும் விடுவதில்லை. காலையில் 270க்குச் சரிசெய்து கொடுத்த மார்க்கர், மரநிழல் நகர்ந்து டேங்க் வெயிலில் கிடந்தபிறகு 310 காட்டியது. அதே மார்க்கரில் படபடவென்று பத்துப் பதினைந்து அடித்தால் டேங்க் சில்லிட்டு வேகம் இறங்கிவிடும். சமயத்தில் திரவமே மார்க்கருக்குள் ஏறி, குழல் வாயில் வெள்ளைப் புகையாக வரும். அந்தக் குளிரில், மூட்டில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் கல்லாக இறுகும். உச்சவரம்பை மீறி அடிக்கிற துப்பாக்கியைப் பையன்கள் கையில் கொடுக்க முடியாது. காற்றுக்கு மாறுவது என்று முடிவாயிற்று.

காற்று டேங்கில் திரவம் கிடையாது. உள்ளே 200 பாரில் இருக்கும் வெறும் காற்றை, தலையில் இருக்கும் ரெகுலேட்டர் குறைத்து 850 பிஎஸ்ஐ, அதாவது 58 பார் சுமாருக்கு ஒரே சீராக வெளியே விடும். வெயிலில் உள்ளழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் வெளியே வருவது மாறாது. 450 பிஎஸ்ஐ விடுகிற ரெகுலேட்டரும் உண்டு. உங்கள் மார்க்கர் எதைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்களுடையது வாடகைக்கு விடுகிற சாதாரண இயந்திர வகை, 850தான் அதற்குச் சரி.

டேங்கின் அளவை 48/3000, 68/4500 என்று எழுதுவார்கள். முதல் எண் கன அங்குலத்தில் கொள்ளளவு, இரண்டாவது எண் பிஎஸ்ஐயில் அழுத்தம். நமக்குப் புரிகிற கணக்கில் 48 என்பது 787 மில்லி, ஒரு தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் சின்னது. 68 என்பது 1.1 லிட்டர். 3000 பிஎஸ்ஐ என்றால் 207 பார், 4500 என்றால் 310 பார். 3000 எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். 4500 என்பது உள்ளே மெல்லிய அலுமினியக் கூடு, வெளியே கார்பன் நார் சுற்றியது. கார்பன் டேங்க் பெரிதாக இருந்தாலும் எடை குறைவு. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். மச்சானுக்கும் அதுதான் பிடித்தது.

"மாப்ள, ஒரு தடவ நெரப்புனா ஆயிரம் ரவுண்டு வருதாம். வாங்குறதே வாங்குறோம், நல்லதா வாங்கிப்புடுவோம்."

"நெரப்புறது எங்க மச்சான்?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. கடைக்காரர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் டேங்க் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பஞ்சர் கடை கம்ப்ரஸர் 8, 10 பாரோடு நின்றுவிடும். போர்வெல்லுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரும் இந்த வேலைக்கு ஆகாது. 200 பார் வேண்டுமென்றால் பல அடுக்காக அழுத்துகிற உயரழுத்தக் கம்ப்ரஸர் வேண்டும். அது இருக்கிற இடங்கள்: தீயணைப்புக்காரர்களும் ஆலைக்காரர்களும் முதுகில் மாட்டும் சுவாசக் கருவிக்குக் காற்று நிரப்புகிற இடம், கடலில் முக்குளிக்கச் சொல்லித்தரும் இடம், பெரிய ரைஃபிள் கிளப். எங்களுக்குக் கைக்கெட்டியது திருச்சியில் சுவாசக் காற்று நிரப்பித் தருகிற ஓர் இடம். அங்கே முக்குளிப்போர் பயன்படுத்தும் 11 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பித் தருவார்கள். அந்தத் தாய் சிலிண்டரைத் தோப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து சின்ன டேங்குகளுக்கு ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

தாய் சிலிண்டரில் இருப்பதே 200 பார் என்னும்போது 310 பார் தாங்கும் டேங்க் வாங்கி என்ன செய்ய? கடைசிவரை முக்கால் அளவுகூட நிரம்பாத டேங்குக்கு இரண்டு மூன்று மடங்கு விலை. தவிர, கார்பன் டேங்குக்கு அமெரிக்க விதிப்படி பொதுவாக 15 வருஷம்தான் ஆயுள், அதற்குப் பிறகு சோதனையில் தேறினாலும் பயன்படுத்தக்கூடாது. அலுமினியத்துக்கு அப்படிக் கெடு இல்லை. 5 வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையில் தேறிக்கொண்டே இருந்தால் ஓடும். மட்டை கருக்கும் வெட்டிய வேர்க்கட்டையும் கிடக்கும் தோப்பில், தரையில் விழுந்து புரளும் பையன்கள் கையில், நார் சுற்றிய டேங்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அலுமினியத்தில் கீறல் விழுந்தால் ஆழத்தை நகத்தால் தடவியே ஓரளவு சொல்லிவிடலாம். கார்பனில் மேலே சின்னக் கோடு தெரியும், அடியில் நார் எத்தனை அறுந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 48/3000 அலுமினியம் என்று முடிவாயிற்று. உருண்டை 400 முதல் 500 வரை வரும். கால் மணி நேர ஆட்டத்துக்கு அது தாராளம்.

வேறு ஊரில் மூடிய ஒரு திடலின் பழைய டேங்குகள் விலைக்கு வந்தன. அவற்றைப் பார்க்கப் போனபோது நான் எடுத்துப்போனது ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, கம்பியில் கட்டிய சின்ன எல்இடி பல்பு. டேங்கின் தோள்பட்டையில் எழுத்து பொறித்திருக்கும். அதைப் படிப்பதுதான் பாதி வேலை. அமெரிக்கத் தயாரிப்பில் டாட்-3ஏஎல்3000 என்றிருக்கும். டாட் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை. 3ஏஎல் என்பது மடிப்போ பற்றவைப்போ இல்லாத அலுமினிய வகை, 3000 என்பது வேலை அழுத்தம். கனடா முத்திரை டிசி-3ஏஎல்எம்207 என்று பாரில் சொல்லும். பக்கத்திலேயே முதல் சோதனையின் மாதமும் வருஷமும். மறுசோதனை செய்திருந்தால் அதன் மாதம், வருஷம், சோதனை செய்த இடத்தின் குறியீடு. கடைசித் தேதியிலிருந்து 5 வருஷம் ஆகிவிட்டதென்றால் அதை நிரப்பக்கூடாது, சோதனைக்குப் போயாக வேண்டும்.

சில டேங்குகளில் எழுத்தே தெரியாதபடி புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கேட்டால், "பளிச்சுனு இருக்கட்டும்னு பவுடர் கோட்டிங் போட்டோம் சார்" என்றார் விற்றவர். அவற்றைத் தொடவில்லை. பவுடர் கோட்டிங் என்றால் அடுப்பில் வைத்துச் சுடுவது. இந்த அலுமினியக் கலவை சூட்டில் பதப்படுத்திப் பலமேற்றப்பட்டது. 175 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், பலம் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தீயில் மாட்டியது, கருகிய தடம் உள்ளது எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

மிச்சத்தில் காற்றை முழுக்க வெளியேற்றி, ரெகுலேட்டரைக் கழற்றி, பல்பை உள்ளே இறக்கிப் பார்த்தேன். நல்ல டேங்கின் உட்சுவர் மங்கிய வெள்ளிநிறத்தில் ஒரே சீராக இருக்கும். ஒன்றில் அடிப்பாகம் முழுக்க வெள்ளைப் பவுடர், சுண்ணாம்பு அப்பியதுபோல. ஈரம் தங்கி அலுமினியம் அரித்ததன் அடையாளம் அது. பவுடரைத் துடைத்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. அதை அங்கேயே வைத்துவிட்டேன். கழுத்து மரையில் விரிசல் இருக்கிறதா என்றும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பழைய டேங்குகளில். 6351 என்ற பழைய அலுமினியக் கலவையில் செய்த முக்குளிப்பு சிலிண்டர்களில் கழுத்து விரிசல் வந்து அந்தக் கலவையையே கைவிட்டார்கள். இப்போது வருவதெல்லாம் 6061.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள்படி 500 மில்லிக்கு மேல் கொள்ளளவுள்ள உலோகக் கலன் சிலிண்டர் கணக்கில் வரும். நம்முடைய 787 மில்லியும் அதில் அடக்கம். பார்த்துக்கொள்வது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. வெளிநாட்டு முத்திரை மட்டும் உள்ள டேங்கை இணையத்தில் வாங்கி வந்து நிரப்பச் சொன்னால் ஒழுங்கான இடத்தில் நிரப்ப மாட்டார்கள், அவர்கள் மறுப்பது நியாயமும்கூட. வாங்கும்போதே அனுமதிக் காகிதத்தையும் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அலைந்தால் கிடைக்காது.

சோதனை என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். டேங்கில் தண்ணீரை நிரப்பி, தண்ணீர் நிறைந்த இன்னொரு கூட்டுக்குள் இறக்கி மூடுகிறார்கள். பிறகு உள்ளே அழுத்தத்தை வேலை அழுத்தத்தைப் போல் 5/3 மடங்குக்கு ஏற்றுகிறார்கள். 3000க்கு 5000 பிஎஸ்ஐ. டேங்க் உப்பும்போது வெளிக்கூட்டுத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது, அழுத்தத்தை விட்டதும் இறங்குகிறது. இறங்காமல் நிற்கிற அளவு, ஏறிய அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் டேங்க் கழிவு. காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன் என்றால், தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவது மிகக் குறைவு. சோதனையில் டேங்க் பிளந்தாலும் தண்ணீர் சிந்துவதோடு போகும். காற்றில் பிளந்தால் பட்டறையே மிஞ்சாது.

நிரப்பும் முறைக்கு வருகிறேன். 11.1 லிட்டர் தாய் சிலிண்டர் 200 பார். காலியாகி வரும் டேங்கில் 50 பார் மிச்சமிருக்கும், ஏனென்றால் ரெகுலேட்டர் விடும் 58 பாருக்குக் கீழே போனதும் உருண்டை சோர்ந்து விழ ஆரம்பிக்கும், பையன்கள் டேங்கை மாற்றிவிடுவார்கள். கணக்குப் போட்டால் முதல் டேங்க் 190 பார் ஏறும். இரண்டாவது 181, மூன்றாவது 172. பத்தாவது டேங்குக்கு 125தான். ஒரே தாய் சிலிண்டரை வைத்துக்கொண்டால் கடைசியாக வருகிறவன் பாதிக் காற்றோடு போகிறான். அதனால் இரண்டு வைத்திருக்கிறோம். முதலில் அழுத்தம் குறைந்த சிலிண்டரில் மாட்டிச் சமமாகும்வரை ஏற்றிவிட்டு, பிறகு நிறைந்த சிலிண்டரில் மாட்டி மேலே ஏற்றுவது. நிறைந்ததைக் கடைசி முப்பது நாற்பது பாருக்கு மட்டும் செலவழித்தால் இரண்டும் நெடுநேரம் வரும். சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே அழுத்தத்தை எழுதி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அவசரமாகத் திறந்தால் காற்று அமுங்கிச் சூடேறி டேங்க் கையில் சுடும். கேஜ் 200 காட்டும். டேங்க் 55 டிகிரியிலிருந்து 32க்கு ஆறினதும் 186தான் நிற்கும். "லீக் ஆவுது" என்று சொல்லித் திரும்பி வந்த டேங்குகளில் பாதி இப்படி ஆறிப்போனவைதான். ஒரு டேங்குக்கு ஒரு நிமிஷமாவது கொடுங்கள். கூட்டம் நிறைய இருக்கும் ஞாயிற்றுக்கிழமை இதைப் பையன்களிடம் விளக்குவதுதான் பெரிய பாடு.

டெல்டாவில் வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள நம்மூர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 48 கன அங்குல டேங்கை 207 பாருக்கு நிரப்ப 163 லிட்டர் காற்று தேவை. அதற்குள் 4 கிராம் தண்ணீர். ஆனால் காற்றை அமுக்கினால் அதனால் அத்தனை ஆவியைப் பிடித்து வைத்திருக்க முடியாது. டேங்க் அளவுள்ள இடத்தில் 30 டிகிரியில் ஆவியாக நிற்கக்கூடியது 0.024 கிராம் மட்டும். மிச்சம் முழுக்க, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், எங்கேயாவது சொட்டியே ஆக வேண்டும். கம்ப்ரஸரின் ஈரம் பிரிப்பானில் சொட்டினால் நல்லது. அது பழுதென்றால் உங்கள் டேங்கில். 11 லிட்டர் சிலிண்டருக்கு இதே கணக்கு 50 கிராமைத் தாண்டும்.

அதனால்தான் நிரப்புமிடத்தில் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, வடிகட்டியை. ஈரம் பிரிப்பானை எத்தனை நிமிஷத்துக்கொரு தடவை வடிக்கிறார்கள், ஈரம் உறிஞ்சும் மணிகளும் கரியும் உள்ள குப்பியை எப்போது மாற்றினார்கள் என்று கேட்பேன். முகம் சுளிக்காமல் பதிவேட்டை எடுத்துக் காட்டுகிற இடம் நல்ல இடம். ஒரு வெள்ளைத் துணியை ஓரடி தள்ளிப் பிடித்து, தாய் சிலிண்டரின் வால்வை ஒரு நொடி திறந்து பார்ப்பதும் உண்டு. துணியில் மஞ்சள் புள்ளி விழுந்தால் எண்ணெய் வருகிறது, அந்தக் காற்று வேண்டாம். வால்வைத் திறந்ததும் தெரிகிற வெண்புகையைப் பார்த்து ஈரம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பீறிடும் காற்று சில்லிட்டு வெளிக்காற்றின் ஈரத்தைத்தான் பனியாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுத்தமான காற்றும் அப்படித்தான் தெரியும்.

இனி ஒழுகல். கேஜ் ஒரு ராத்திரியில் இறங்கிப்போனால் டேங்கை அப்படியே வாளித் தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. ரெகுலேட்டருக்குள் தண்ணீர் ஏறும், எனக்கு அதில் சம்மதமில்லை. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு மூட்டாகத் தடவினால் போதும். நுரை எங்கே பொங்குகிறது என்பதை வைத்து என்ன நோய் என்று சொல்லிவிடலாம். நிரப்பும் நிப்பிளின் வாயில் குமிழி வந்தால் உள்ளிருக்கும் சின்ன வால்வில் மணல் புகுந்திருக்கிறது. நிரப்பும் குழாயை மாட்டி இரண்டு மூன்று முறை சட்டென்று கொஞ்சம் காற்று விட்டால் பல சமயம் மணல் பறந்துவிடும். பறக்காவிட்டால் டேங்கைக் காலி செய்து நிப்பிளை மாற்ற வேண்டியதுதான். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதைவிட நீலநிற மரைப் பசை போடுவது மேல். டேப் பிய்ந்து நூலாகி உள்ளே போனால் ரெகுலேட்டர் இருக்கையில் (காற்றை நிறுத்தும் வால்வு உட்காரும் இடம்) மாட்டிக்கொள்ளும். ரெகுலேட்டரும் பாட்டிலும் சேரும் கழுத்தில் நுரை வந்தால் கழுத்து ஓ-ரிங். ரெகுலேட்டர் தொப்பியில் இருக்கும் பொடித் துளையில் வந்தால் உள்ளே பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. அந்தத் துளை தேவையில்லாதது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்திருந்த ஒரு டேங்கையும் பார்த்தேன். அடைத்தால் பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் சேர்ந்து, மார்க்கருக்குப் போகும் காற்று கட்டுப்பாடில்லாமல் ஏறும்.

அப்படி ஏறுகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு சோதனை கேஜ் செய்து வைத்திருக்கிறேன். டேங்க் வாயில் மாட்டினால் வெளியழுத்தம் தெரியும். 850ல் போய் நின்று ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் நல்லது. 850, 870, 900 என்று ஊர்ந்து ஏறினால் இருக்கையில் வெட்டு விழுந்திருக்கிறது. அப்படியே விட்டால் ஒருநாள் வெளியழுத்தப் பக்கத்து பாதுகாப்புத் தகடு, 1800 பிஎஸ்ஐயில் கிழிகிற செப்புத் தகடு, டமாரென்று போகும். அது போகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தோப்புக்காரர் வேலி தாண்டி ஓடிவந்துவிட்டார்.

உள்ளழுத்தப் பக்கம் இன்னொரு தகடு இருக்கும். 3000 டேங்குக்கு 5000 பிஎஸ்ஐ தகடு, 4500 டேங்குக்கு 7500. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். "தகடு அடிக்கடி போவுதுண்ணே, ரெண்டா வச்சு முடுக்கிட்டா?" என்று உதவிக்கு வரும் பையன் ஒருமுறை கேட்டான். இரண்டாக வைத்தால் கிழியவே கிழியாது, டேங்க்தான் கிழியும் என்றேன். ஒரு தகடு, ஒரு தடவை. கழற்றினால் புதுசுதான், பழையதைத் திருப்பி முடுக்கக்கூடாது.

அடிக்கடி போவது டேங்கும் மார்க்கரும் சேருகிற வாயில் இருக்கும் ஓ-ரிங். 015 என்ற அளவு. கும்பகோணத்தில் ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் கேட்டபோது கறுப்பு ரப்பரில் பை நிறையக் கொடுத்தார். "அளவு அச்சா அதே தம்பி, ஜாக்கிக்கெல்லாம் இதான் போவுது" என்றார். அளவு சரிதான், கடினம் சரியில்லை. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் அது 70. 58 பார் காற்று அதை இடுக்கில் பிதுக்கி, கழற்றும்போது பாதி வளையத்தைச் சீவி எடுத்துவிடுகிறது. இதற்கு வேண்டியது 90 கடினமுள்ள பாலியூரிதீன். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாது, வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் கண்ணாடித் தன்மை தெரியும். அதைத் தருவித்த பிறகு மாதக்கணக்கில் வருகிறது. நல்ல ஓ-ரிங் ஆனாலும், மார்க்கருக்குள் காற்று நிற்கும்போதே டேங்கைத் திருகினால் அறுந்துதான் போகும். முதலில் காற்றை மூடு, உருண்டைக் கூடையை எடுத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, உள்ளிருப்பதைச் சுட்டுத் தீர், பிறகு திருகு. இதை மட்டும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

திருகும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுழலுவது முழு டேங்கா, அல்லது ரெகுலேட்டர் மார்க்கரிலேயே நின்றுகொண்டு பாட்டில் மட்டும் சுழலுகிறதா? பாட்டில் மட்டும் கழன்றால், கடைசி மரை விட்டதும் அது ராக்கெட்தான். அமெரிக்காவில் சிஓ2 டேங்குகளில் வால்வு இப்படிக் கழன்று உயிரே போயிருக்கிறது. இதற்குச் செலவில்லாத வழி, பாட்டிலிலும் ரெகுலேட்டரிலும் சேர்ந்தாற்போல் நெயில் பாலிஷால் ஒரு கோடு. மச்சான் மகளின் சிவப்புப் பாலிஷ் எல்லா டேங்கிலும் இருக்கிறது. கோடு ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த டேங்க் என் பட்டறைக்கு வந்துவிட வேண்டும், திடலில் யாரும் முடுக்கிப் பார்க்கக்கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றும் வேலை காலி டேங்கில் மட்டும்தான். கேஜ் பூஜ்யம் காட்டினால் போதாது, கேஜ் முள் சிக்கியிருக்கலாம். வாயில் இருக்கும் ஊசியை அழுத்தி, சத்தமே வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வைஸில் பிடிப்பேன்.

எண்ணெய் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. நிப்பிளிலோ நிரப்பும் குழாயிலோ எந்த எண்ணெயும் கூடாது. மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே, தேங்காய் எண்ணெய் எதுவும். 200 பார் காற்று சட்டென்று பாயும்போது முனையில் அமுங்கும் காற்று கடுமையாகச் சூடாகும். அங்கே ஒரு துளி எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பது ரெகுலேட்டருக்குள் நடக்கும். தோப்பில் தேங்காய் உரித்துவிட்டு வந்த கையோடு, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நிப்பிளைத் தொடுகிறார்கள். அதனால் நிரப்பும் இடத்தில் சோப்பும் துண்டும் வைத்திருக்கிறோம். நிப்பிளுக்கு ரப்பர் மூடி போட்டுவிட்டால் மணலும் சேராது. ஓ-ரிங்குக்குத் தடவ சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது. அதுவும் விரல் நுனியில் மினுக்கும் அளவு போதும்.

எல்லாப் பழியையும் டேங்கின் மேல் போடாதீர்கள். மழைக்காலத்தில் வேகம் கூடிக் குறைந்தால் உருண்டையையும் பாருங்கள். அதன் மேல்தோல் ஜெலட்டின். ஈரத்தில் ஊதி, உருண்டை முட்டையாகிக் குழலிலேயே உடையும். பையைத் திறந்து வைத்த இரண்டு நாளில் அது கெட்டுவிடுகிறது. நான் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று மூடிய பல தடவை குற்றவாளி உருண்டைதான்.

வைப்பது எப்படி என்றால், ஆட்டம் முடிந்ததும் டேங்கை முழுக்கக் காலி செய்வதில்லை. 15, 20 பார் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வெளி ஈரம் நுழையாது. முழுக்க நிரப்பியும் வைப்பதில்லை. அதிராம்பட்டினம் உப்பளக் காற்று இங்கே வரை வரும். கேஜின் இரும்பு விளிம்பு, ரெகுலேட்டர் திருகாணி எல்லாம் ஒரு பருவத்தில் பழுப்பேறிவிடும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மர அலமாரியில் நிற்க வைக்கிறோம். டேங்குக்குப் போடும் ரப்பர் உறை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உறைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வியர்வையும் உப்பும் தங்கி, கழற்றிப் பார்த்தபோது வெள்ளைத் திட்டுகள். இப்போது ஆட்டத்தன்று மட்டும் உறை. வேனில் கொண்டுபோகும்போது படுக்க வைத்து, உருளாமல் சாக்கு அடைகொடுத்து, மேலே தார்ப்பாய். மூடிய காரை வெயிலில் நிறுத்தி அதற்குள் நிறைந்த டேங்கை விட்டுப் போவதில்லை. 30 டிகிரியில் நிரப்பியது 60 டிகிரியில் பத்து சதவீதம் ஏறி நிற்கும். டேங்க் தாங்கும். தகடும் தாங்கும். இருந்தாலும் ஏற்கனவே கோளாறுள்ள கேஜும் ஓ-ரிங்கும் அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு எண் கொடுத்து நோட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். சோதனைத் தேதி, ஓ-ரிங் மாற்றியது, கேஜ் மாற்றியது, எப்போது உள்ளே பார்த்தது. 3ஆம் எண், 6ஆம் எண் இரண்டுக்கும் வரும் தை மாதத்தோடு 5 வருஷம் முடிகிறது. ஒரே தடவையாகத் திருச்சிக்கு அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன். பொங்கல் லீவில் கூட்டம் வரும், அதற்கு முன்னாலே திரும்பி வந்தாக வேண்டும் என்கிறார் மச்சான். மார்கழியிலேயே காலி செய்து, ரெகுலேட்டரைக் கழற்றி, கழுத்துக்கு மூடி போட்டு அனுப்புவதாகப் பேச்சு.